கரையும் விளக்கு: கடலூர் – சிதம்பரக் கடற்பகுதியில் கலம் துறை சேர்ந்த வரலாறு

முன்னுரை

கடலிற் செல்லுதல் அரிது. சென்றவர் மீண்டு துறை சேர்தல் அதனினும் அரிது. புறப்படும் கலத்தார்க்குப் பொழுதும் காற்றும் நோக்கிப் புறப்படும் உரிமை உண்டு. வானம் கறுத்திருப்பின் அவர் கரையிலேயே தங்கலாம். மீளும் கலத்தார்க்கு அவ்வுரிமை இல்லை. இருளாயினும் பனியாயினும் மழையாயினும் அவர் வந்தே தீரல் வேண்டும். வருமிடமும் தம் துறையாகவே இருத்தல் வேண்டும். துறை தவறின் மணல் திட்டில் மோதுதலும், அலையிற் கவிழ்தலும், நீரோட்டத்தால் நெடுந்தொலைவு ஈர்க்கப்படுதலும் நேரும்.

தமிழர்தம் கடல் வாணிகம் பற்றியும், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கடாரப் படையெடுப்புப் பற்றியும் அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். பெருங்கலம் எங்குச் சென்றது, எதனைக் கொணர்ந்தது என்பன நன்கு ஆராயப்பட்டுள்ளன. கண்ணுக்குக் கரை தோன்றாத பொழுதில் ஒரு கலம் எவ்வாறு தன் துறையை அடைந்தது என்னும் வினா அத்துணை ஆராயப்படவில்லை. வரலாற்றில் பேரரசர் பெயரோடு சேராத வினா ஆதலின் இது பின்தங்கிற்றுப் போலும். ஆயினும் நெய்தல் நில மக்களின் ஒவ்வொரு நாள் வாழ்வும் இவ்வினாவையே பற்றி நிற்கின்றது.

தென்பெண்ணை கடலொடு கலக்கும் இடம் முதல் கொள்ளிடம் கலக்கும் இடம் வரையுள்ள கடற்பகுதியை எல்லையாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம். இலக்கியச் சான்று, இடத்தின் இயல்பு, பிற்கால வரலாறு ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கலம் மீளுதல் கலத்தில் உள்ளார் திறத்தால் மட்டும் நிகழ்வதன்று. கரையில் உள்ளார் தம் கடமையைச் செய்தலாலும் நிகழ்வது என்பதே அவ்வுண்மை.

கடற்கரையின் இயல்பு

இப்பகுதி பாறையற்ற, தாழ்ந்த மணற்கரையாகும். கடலூரை அடுத்துள்ள கேப்பர் மலை, மலையென்று பெயர் பெற்றிருப்பினும் செம்மண் மேடே ஆகும். கடலில் நெடுந்தொலைவில் நின்று நோக்குவார்க்கு அடையாளமாக நிற்கத்தக்க குன்று கரையோரத்தில் வேறு இல்லை. பனந்தோப்பும் சவுக்குத் தோப்பும் ஒன்றுபோலத் தோன்றும். தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு கடலோரத்தில் ஒரு கரிய கோடாகவே காணப்படும். தில்லை என்னும் பெயர்க்குக் காரணமான தில்லை மரம் இக்கழிக்காட்டு மரங்களுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே.

இக்கரையிற் கெடிலமும் உப்பனாறும் கூடுமிடத்தில் கடலூர்ப் பழைய துறைமுகம் அமைந்துள்ளது. வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. இவ்வாற்று முகங்களே கலங்கள் உட்புகும் வாயில்கள் ஆகும். அவ்வாயில்கள் நிலையானவை அல்ல. ஆறு கொணரும் வண்டலும், கடல் தள்ளும் மணலும் சேர்ந்து முகத்துவாரத்தில் திட்டுகளை உண்டாக்குகின்றன. வெள்ளக் காலத்தில் அவை கரைந்து வேறிடத்தில் எழுகின்றன. சென்ற பருவத்தில் கலம் சென்ற வழி இப்பருவத்தில் அடைபட்டிருத்தல் கூடும். எனவே, துறை இருக்கும் திசையை அறிதல் மட்டும் போதாது; துறையின் வாய் இன்று எங்குள்ளது என்பதனையும் மீள்வோர் அறிதல் வேண்டும்.

கண்ணின் ஆற்றல் குன்றும் பொழுதுகள் இங்கு மூவகைப்படும். இரவு முதலாவது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வாடைக் காற்றொடு வரும் மழையும் புயலும் இரண்டாவது. முன்பனி, பின்பனிக் காலத்து விடியலில் நீர்மேற் படியும் மூடுபனி மூன்றாவது. இவற்றுள் இரவுக்கு விளக்கு உதவும். மழையில் விளக்கின் ஒளி குறையும். அடர்ந்த மூடுபனியில் விளக்கும் மறையும். இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

சொல் தரும் சான்று

இன்று நாம் ‘கலங்கரை விளக்கம்’ என்று வழங்கும் தொடர் சிலப்பதிகாரத்தில் பயின்றுள்ளது. கடலாடு காதையில் புகார்க் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூறுமிடத்து, வணிகர் விளக்கு, தொழிலாளர் விளக்கு, மீன்பிடிக்கும் திமிலின் விளக்கு முதலியவற்றொடு இதுவும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. 

இத்தொடரில் உள்ள ‘கரை’ என்பதனைக் கடற்கரை எனப் பொருள் கொண்டு, ‘கலத்திற்குக் கரையைக் காட்டும் விளக்கு’ என்று விளக்குவாரும் உளர். புணர்ச்சியை மட்டும் நோக்கின் இப்பொருளைத் தள்ளுதல் இயலாது. ‘கலம்’ என்பதன் ஈற்று மகரம் வருமொழிக் ககரத்தின் முன் ஙகரமாதல் இரு பொருளுக்கும் ஒக்கும். ‘விளக்கம்’ என்பது வகர முதலது ஆகலின் அங்கு வல்லெழுத்து மிகுதற்கும் இடமில்லை. ஆகவே, புணர்ச்சி இவ்வையத்தைத் தீர்க்காது. பிற சான்று வேண்டும்.

அச்சான்று பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டில், அவன் நாட்டுத் துறை ஒன்றில் வானத்தைத் தாங்க ஊன்றிய தூண்போல உயர்ந்து நின்ற மாடம் கூறப்படுகின்றது. ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உச்சியினையும், கூரை வேயப்படாத அமைப்பினையும் உடைய அம்மாடத்தில் இரவில் தீ மூட்டப்பட்டது. அத்தீ கடலிற் செல்லும் கலங்களைக் ‘கரையும்’ என்று புலவர் வினைமுடிபு கொடுக்கின்றார். இங்குக் கரை என்பது பெயரன்று, வினை என்பது ஒருதலை. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பதே பொருள். திருவள்ளுவர், காக்கை தன் இனத்தை அழைத்து உண்ணும் இயல்பைக் கூறுமிடத்தும் இவ்வினையையே ஆள்கின்றார். காகம் கரைகின்றது என இன்றும் நாம் வழங்குகின்றோம். எனவே, கலங்கரை விளக்கம் என்பது கலத்தைக் கரையும் விளக்கம், அஃதாவது கலத்தை அழைக்கின்ற விளக்கம் என்பதே பொருத்தமாகும்.

விளக்கு, கண்ணுக்குப் புலனாவது. கரைதல், செவிக்குப் புலனாவது. கண்ணுக்குரிய பொருளுக்குச் செவிக்குரிய வினையை ஏன் கொடுத்தனர்? இதனை வெறும் அணி நயம் என்று கூறி விடுதல் ஒருவாறு பொருந்தும். ஆயினும் இச்சொல்லாட்சியில் ஒரு கருத்து உள்ளதென்பது நம் துணிபு. காட்டுதல் என்னும் வினைக்கு எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அழைத்தலுக்கோ அழைக்கப்படுவோர் வேண்டும். அவர் வருகையை எதிர்நோக்கும் உள்ளமும் வேண்டும். கரையில் தீ மூட்டியவன் கடலில் உள்ளானைக் கருத்திற்கொண்டே மூட்டினான். அவ்வுறவையே ‘கரையும்’ என்னும் சொல் குறிக்கின்றது.

இதனால் பண்டைத் தமிழர் துறைதோறும் ஒலிக்கருவி வைத்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. சான்றில்லாத அத்தகைய முடிபுகள் ஆராய்ச்சிக்கு ஊறு விளைப்பனவாம். சொல் காட்டும் அளவே நாம் கொள்ளற்பாலது.

அழைப்பை ஏற்கும் கலத்தின் நிலையை அகநானூறு காட்டுகின்றது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய 255-ஆம் பாட்டில், இரவும் பகலும் ஓயாது காற்றால் உந்தப்பட்டுச் செல்லும் வங்கத்தை, மாடத்தில் எரியும் ஒளியின் ‘மருங்கு’ அறிந்து நீகான் செலுத்துகின்றான். நீகான் என்பான் கலம் செலுத்துவோன். மீகான், மீகாமன் எனவும் வழங்கப்படுவான். இங்கு ‘மருங்கு’ என்னும் சொல் நோக்கற்பாலது. அவன் ஒளியைக் கண்டான் என்று மட்டும் புலவர் கூறினாரல்லர். ஒளி தன் கலத்திற்கு எப்பக்கத்தில் நிற்கின்றது என்பதை அறிந்து செலுத்தினான் என்பதே கருத்து. ஒளியை நோக்கி நேரே ஓட்டுபவன் திட்டில் மோதுவான். பக்கம் அறிந்து ஓட்டுபவனே வாயிலைச் சேர்வான்.

பட்டினப்பாலையில் திமிற் பரதவர் இரவில் உயர்ந்த மாடங்களின் விளக்குகளை நோக்கி எண்ணுகின்றனர். இதனைப் பொழுதுபோக்கு எனக் கொள்ளுதல் எளிது. ஆயின், எத்தனை விளக்கு, எவ்வளவு இடைவெளியில் எரிகின்றன என்று அறிந்தவனுக்கே தான் எந்தத் துறைக்கு நேரே நிற்கின்றான் என்பது புலப்படும். எண்ணுதல் இடம் அறிதற்கு உதவிற்று என்று கருதவும் இடனுண்டு. அவ்வாறாயின், துறைக்கென மூட்டிய தீயேயன்றி, மனையில் எரிந்த விளக்கும் கலத்தார்க்குத் துணையாயிற்று என்பது பெறப்படும்.

அழைப்பு எட்டாதவிடத்து நிகழ்வதனை மணிமேகலை கூறுகின்றது. ஆதிரையின் கணவன் சாதுவன் சென்ற கலம் நள்ளிரவில் உடைகின்றது. உயிர் பிழைத்து வந்தோர் சாதுவனும் இறந்தான் என்று கூற, அதனைக் கேட்ட ஆதிரை தீப்புகத் துணிகின்றாள். ஒடிந்த மரத்தைப் பற்றிய சாதுவனோ நாகர் நாட்டுக் கரையை அடைந்து உயிர் வாழ்கின்றான். கடலில் உள்ளான் நிலையைக் கரையில் உள்ளார் அறியாமையால் விளையும் துயரத்தை இக்கதை போல எடுத்துரைப்பது அரிது. கரையும் கலமும் ஒன்றையொன்று அறியும் வழி அற்றவிடத்து, உயிரோடிருப்பவனும் இறந்தவனாகின்றான்.

கோபுரங்களாகிய பகற்குறி

குன்றில்லாக் கரைக்கு மக்கள் எழுப்பிய கட்டடங்களே குன்றாயின. மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோயில் என்று வழங்கியதும், நாகப்பட்டினத்தில் நின்ற பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்படும் வரை கடலோடிகளுக்கு அடையாளமாக இருந்ததும் அறியப்பட்ட செய்திகள். இவ்வகையில் நம் பகுதிக்கு வாய்த்தவை தில்லைக் கோபுரங்கள். ஆங்கில மாலுமிகளுக்கென எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களில் சிதம்பரக் கோபுரங்கள் பரங்கிப்பேட்டையை அடுத்த கடற்குறியாக இடம் பெற்றன.

எவ்வளவு தொலைவிலிருந்து இவை தோன்றும் என்பதனைக் கணக்கிட்டு அறியலாம். எழுநிலைக் கோபுரங்களின் உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். நிலவுலகின் வளைவை நோக்க, 40 மீட்டர் உயரமுள்ள பொருளின் உச்சி நீர்மட்டத்தில் இருந்து நோக்குவார்க்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை தோன்றும். கலத்தில் நிற்பவன் கண் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் மேல் இருப்பின் இன்னும் 5 கிலோமீட்டர் கூடும். ஆக, 27 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். கோயில் கடற்கரையினின்று 10 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டில் உள்ளது. ஆகவே, வானம் தெளிந்த நாளில் கரைக்கு 15 கிலோமீட்டர் அப்பால் உள்ள மீனவனும் கோபுர உச்சியைக் காணுதல் கூடும். தாழ்ந்த கரை அத்தொலைவில் அவனுக்கு மறைந்தே இருக்கும். கரை தோன்றுமுன் கோபுரம் தோன்றும் என்பது இதனாற் பெறப்படும்.

நான்கு திசையிலும் நான்கு கோபுரங்கள் நிற்றலால் மற்றொரு பயனும் உண்டு. கலம் தெற்கு வடக்காக நகருந்தோறும் அவற்றின் இடைவெளி விரிந்தும் சுருங்கியும் தோன்றும். ஒன்றை ஒன்று மறைத்தலும் நிகழும். அம்மாறுதலை மனத்திற் கொண்டவன் கருவியின்றியே தன் இருப்பிடத்தை ஒருவாறு அறிவான். வடகோபுரத் திருப்பணியொடு கிருட்டிணதேவராயர் பெயரும், கீழைக் கோபுரத்தொடு கோப்பெருஞ்சிங்கன் பெயரும் இணைத்துக் கூறப்படும். இறைவன் பொருட்டு எழுந்த இக்கோபுரங்கள் பெயரறியாத பரதவனுக்கும் வழி காட்டின.

ஆயினும் இவை பகற்குறிகளே. மழையிலும் பனியிலும் இருளிலும் கோபுரம் இல்லாததே ஆகும். விண்மீன் நிலையும் அன்னதே. வடமீன் இக்கடற்பகுதியில் அடிவானத்திற்கு மேல் 11, 12 பாகை அளவில் நிற்கின்றது. அடிவானத்தை அடுத்து அத்துணைத் தாழ நிற்பதனைச் சிறு முகிலும் மறைத்துவிடும்.

கண் ஒழிந்த ஏனைப் புலன்கள்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குமிடத்து, மெய், நா, மூக்கு, கண், செவி என முறைப்படுத்தினார். கரை மறைந்த பொழுதில் கலம் செலுத்துவோன் இவ்வைந்தனுள் கண்ணை நீக்கி ஏனை நான்கையும் துணைக்கொள்கின்றான். 

மெய்யால் அறிவன காற்றும் அலையும் ஆம். வடக்கிலிருந்து வரும் வாடையும், கிழக்கிலிருந்து வரும் கொண்டலும், தெற்கிலிருந்து வரும் சோழகமும், மேற்கிலிருந்து வரும் கச்சானும் உடலிற் படும் வகையால் வேறுபடும். பின்னிரவில் நிலத்தினின்று கடல் நோக்கி வீசும் தண்காற்று முகத்திற் படுமாயின் கரை எதிரே உள்ளது என்பது தெளிவு. காற்று அடங்கிய பனிக்காலத்தில் இவ்வுதவி இல்லை. அப்பொழுதும் புறக்கடலினின்று வரும் நெடிய அலை ஓய்வதில்லை. அது கலத்தின் எப்பக்கத்தை உயர்த்துகின்றது என்பதனைக் காலடியில் உணர்ந்தே திசையைக் காத்தல் கூடும்.

ஆழம் அறிதலும் மெய்யறிவின்பாற்படும். கயிற்றில் குண்டு கட்டி இறக்கிப் பாகக் கணக்கில் அளத்தல் பழைய முறை. இருகையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஆழம் சிறிது சிறிதாகக் குறையுமாயின் கரை அணுகுகின்றது; திடீரெனக் குறையுமாயின் திட்டு எதிர்ப்பட்டது. ஐரோப்பிய மாலுமிகள் ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி, அதில் ஒட்டி வரும் மணலையும் சேற்றையும் கண்டு இடம் தேர்ந்தனர். ஆற்று முகங்களுக்கு எதிரே சேறு மிகுதல் இயல்பாகலின், கடலடி மண்ணும் ஓர் அடையாளமாயிற்று.

நாவும் மூக்கும் சிறிதே உதவினும் அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்து முகத்தருகே நீரின் உவர்ப்புக் குறையும். நிலக்காற்றில் கழிச் சேற்றின் நாற்றமும், மீன் உலர்த்தும் குப்பங்களின் நாற்றமும் வரும்.

செவியே இவற்றுள் தலையாயது. நேர்கரையில் அலை உடையும் ஒலி ஒரு சீராக இருக்கும். முகத்துவாரத்துத் திட்டின்மேல் அலை முறையின்றி உடையும். அவ்வொலி கரைக்கு அப்பால் கடலுள்ளிருந்தே எழும். இவ்வேறுபாட்டை அறியாதவன் வாயில் என்று கருதித் திட்டிற் புகுவான். ஐயம் தோன்றியவிடத்து நங்கூரம் இட்டு, விடியலை எதிர்நோக்கிக் காத்திருத்தலே முதியோர் போற்றிய நெறி. துணிவினும் பொறுமையே இங்கு உயிர் காப்பது.

பறவையைத் துணைக்கொண்ட வழக்கமும் பண்டு இருந்தது. தாப்ரபேன் எனப்பட்ட ஈழத்துக் கடலோடிகள் பறவைகளைக் கலத்திற் கொண்டு சென்று, அவ்வப்போது பறக்கவிட்டு, அவை செல்லும் திசையில் நிலம் உள்ளதென அறிந்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய ஆசிரியர் பிளினி எழுதியுள்ளார். 

இத்திறன்கள் யாவும் கலத்தார்க்கு உரியவை. இவற்றிற்கு எதிராகக் கரையில் உள்ளார் செய்வனவும் உள. குறித்த பொழுதில் கட்டுமரம் வாராவிடின் மணலில் ஓலையைக் கொளுத்துதலும், அரிக்கன் விளக்கை உயர்த்திப் பிடித்தலும், தகரத்தைத் தட்டி ஒலியெழுப்புதலும், பெயர் சொல்லிக் கூவுதலும் குப்பங்களில் முதியோர் நினைவிற் கொண்டிருக்கும் செயல்கள். இவையெல்லாம் கரைதலே அன்றோ? 

கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய எரித்திரையக் கடற்பயண நூலிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. மேலைக் கடற்கரையில் பாருகச்சத் துறையின் ஆற்று முகம் இடர் மிக்கதாகலின், அரசனது பணியில் இருந்த மீனவர் தம் படகுகளில் எதிர்சென்று அயல்நாட்டுக் கலங்களை அழைத்து வந்தனர் என்று அந்நூல் கூறுகின்றது. வாயில் அறிந்தவன் வாயில் அறியாதவனை எதிர்கொள்ளுதல் துறையின் கடமையாகக் கருதப்பட்டது.

1749-ஆம் ஆண்டுப் புயல்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம் 1690-இல் பெற்றது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் இக்கோட்டையே சில ஆண்டுகள் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாயிற்று. ஆயினும் கடலூர் பெருங்கப்பல்களுக்கு அடைக்கலமான துறையன்று. அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன.

இதன் இடரை 1749 ஏப்பிரல் திங்களில் வீசிய புயல் காட்டிற்று. படைத்தலைவர் பாசுகவெனின் கொடிக்கப்பலாகிய நேமூரும், பெம்புரோக் என்னும் போர்க்கப்பலும் இக்கடற்பகுதியில் அழிந்தன. மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பெருந்திறல் வாய்ந்த பீரங்கிகளும், தேர்ந்த மாலுமிகளும், அக்காலத்துச் சிறந்த கருவிகளும் அக்கப்பல்களில் இருந்தன. புயலிரவில் அவை பயன்பட்டில.

இந்நிகழ்ச்சியினின்று ஓர் உண்மை புலப்படும். சிறு படகிற்குக் கரை சேர்தலே காப்பு. பெருங்கப்பலுக்குப் புயற்காலத்தில் கரையை விட்டு விலகுதலே காப்பு. கிழக்கிலிருந்து பெருங்காற்று வீசும்போது அடைப்பற்ற துறையில் நிற்கும் கப்பல் கரையில் மோதியோ நங்கூரத்தொடு மூழ்கியோ அழியும். ஆகவே, ‘வருக’ என்று அழைக்கும் குரல் மட்டும் துறைக்குப் போதாது. ‘வாரற்க, விலகுக’ என்று காலத்தே கூறும் குரலும் வேண்டும். 1749-இல் அக்குரல் இல்லை. புயல் வருமுன் அறிந்து கூறும் அமைப்பு அக்காலத்து உலகில் எங்கும் தோன்றவில்லை.

கூண்டும் ஊதுகுழலும்

அவ்வமைப்புப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியபின் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அளிக்கும் முயற்சி தொடங்கிற்று. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இம்மரபில் வந்ததாகும். பகலில் கூம்பு முதலிய வடிவங்களும், இரவில் செந்நிற, வெண்ணிற விளக்குகளும் கம்பத்தில் ஏற்றப்படும். அவற்றின் எண் 1 முதல் 11 வரை செல்லும்.

இவற்றுள் 11-ஆம் எண் சிறப்பாக நோக்கற்பாலது. ஏனைய எண்கள் புயலின் நிலையையும் வலிமையையும் துறைக்கு நேரும் இடரையும் குறிப்பன. 11-ஆம் எண்ணோ, வானிலை நிலையத்தொடு செய்தித்தொடர்பு அறுந்தது, இடர் உண்டெனத் துறை அலுவலர் கருதுகின்றார் என்பதனைத் தெரிவிப்பது. தனக்குச் செய்தி வரவில்லை என்பதனையும் கரை மறைக்காது கூறவேண்டும் என்னும் நெறி இதில் அமைந்துள்ளது. அறியாமையை அறிவித்தலும் உயிர் காக்கும் செயலே ஆகும்.

மூடுபனியில் விளக்கும் பயன்படாது என முன்னர்க் கூறினோம். அலெக்சாந்திரியாவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பெருவிளக்கம் உலக வியப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அதன் ஒளியும் அடர்பனியை ஊடுருவ வல்லதன்று. பிற்காலத்தில் மணியும் பீரங்கியும் பனிக்காலத்து அறிகுறிகளாக வைக்கப்பட்டன. கனடாவின் செயின்ட் சான் துறையில், பார்ட்ரிட்சுத் தீவில், இராபர்ட் பவுலிசு என்பாரின் திட்டப்படி நீராவியால் இயங்கும் ஊதுகுழல் 1859-இல் அமைக்கப்பட்டது. அது முதல் பனிக்காலத்திற்கென ஊதுகுழல்கள் உலகத் துறைகள் பலவற்றிற் பரவின. விளக்கம் மெய்யாகவே கரையத் தொடங்கியது அப்பொழுதுதான். தமிழ்ச்சொல் அக்கருவியை முன்னறிந்தது என்று நாம் கூற வரவில்லை. ஒளியாயினும் ஒலியாயினும் அதன் தொழில் அழைத்தலே என்பதனை அச்சொல் சரியாகப் பற்றியது என்று மட்டும் கூறலாம்.

இக்கால நிலை

இன்று கடலூர், பரங்கிப்பேட்டைப் பகுதிப் படகுகளில் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவி பெருவழக்காயிற்று. பனியிலும் இருளிலும் துறையின் திசையையும் தொலைவையும் அது எண்ணால் காட்டுகின்றது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கருவி காட்டும் துறை சென்ற பருவத்தில் பதிந்த துறையே. திட்டு இடம் பெயர்ந்ததனை அது தானே அறியாது. மின்கலம் தீர்ந்த பொழுதும், நீர் புகுந்து கருவி பழுதுற்ற பொழுதும் பழைய நான்கு புலன்களே துணையாகும். அவற்றைப் பயிலாத தலைமுறை அப்பொழுது செய்வது யாது?

கருவி இருந்தும் அழைப்பு எட்டாமையால் நேரும் கேட்டினை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் உணர்த்திற்று. குமரி மாவட்டத்து மீனவர் பலர் பன்னாள் தங்கி மீன்பிடிக்கப் புயலுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தனர். கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தோர்க்குக் கரையின் எச்சரிக்கை சென்று சேரவில்லை. மீளாதவர் பலர். அவர்தம் மனைவியரும் தாயரும் இறந்தனரோ, எங்கேனும் ஒதுங்கினரோ என்றறியாது நாள் பல காத்திருந்தனர். ஆதிரையின் துயரம் காப்பியத்தோடு முடியவில்லை என்பதனை அன்று தமிழகம் கண்டது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019-இல் அறிமுகம் செய்யப்பட்டது. அது கரையின் குரலைப் படகிற்குக் கொண்டு செல்லும்; படகின் குரலைக் கரைக்குக் கொண்டு வருதல் அக்கருவியால் இயலாதாயிற்று. மறுமொழி அனுப்பவும் வல்ல கருவிகள் பின்னர் வரலாயின. அழைத்தலும் மறுமொழி பெறுதலும் இரண்டும் நிறைந்தவிடத்தே இத்தொழில் முழுமை பெறும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கலங்கரை விளக்கம் என்பதற்குக் கலத்தை அழைக்கும் விளக்கம் என்பதே பொருள். கடலூர் – சிதம்பரக் கடற்பகுதியில் கோபுரம் முதலிய காட்சிக் குறிகள் வானம் தெளிந்த பொழுதுக்கே உதவின. பிற பொழுதில் கலத்தாரின் ஏனைப் புலன்களும் கரையாரின் அழைப்புமே துணை நின்றன. எந்நூற்றாண்டிலும் பேரிழப்பு நேர்ந்தவிடத்து அழைப்போ எச்சரிக்கையோ இல்லாதிருந்தது, அன்றி உரியார்க்கு எட்டாதிருந்தது.

இவ்வாராய்ச்சி இன்னும் விரிதல் வேண்டும். காற்று, நீரோட்டம், அலை, கடலடி மண், முகத்துவாரம் ஆகியன பற்றித் தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் வரையுள்ள குப்பங்களில் வழங்கும் சொற்கள் நம் அகராதிகளில் முழுமையாக இடம் பெறவில்லை. அச்சொற்களை அறிந்தோர் முதியோர். கருவியோடு வளர்ந்த இளையோர் அவற்றைப் பயன்படுத்தும் தேவை குறைந்து வருகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே அமைந்திருத்தல் தமிழ் மாணவர்க்கு நல்வாய்ப்பாகும். நெய்தற் சொற்களைத் தொகுப்போர் அவ்வறிவியலாரொடு கூடிப் பொருளைச் சரிபார்த்தல் எளிது.

சங்கப் பாடலில் நெய்தலைப் பயிலும் மாணவர் ஒரு பருவமேனும் துறையில் இருந்து மீனவர் சொல்லைக் கேட்டு எழுதுவாராயின், மொழிக்கு ஆக்கமாவதோடு கடல்மேற் செல்வோர்க்கும் அது பயன்படும். சொல் மறையின் அச்சொல் குறித்த அறிவும் உடன் மறையும். அவ்வறிவு மறைந்தபின் ஒரு பனிநாளில் கருவி பழுதுற்ற படகிற்குத் துறை சேர வழியிராது.